உஷார்! வீட்டுக்குத் தெரியாமல் ஒரு மாத்திரை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரா நீங்கள்? இதைப் படித்து முடித்த கையோடு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கும் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் கீழே வருகிறது. அதையும் படித்துவிட்டு, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்ப் பேசுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெடின். மனச்சோர்வு மாத்திரைகளான இவற்றில் ஒன்று உங்கள் வீட்டிலும் எங்கோ இருக்கலாம். பிபி மாத்திரை டிவி பக்கத்து டப்பாவில் இருக்கும். சுகர் மாத்திரை சாப்பாட்டு மேஜை மேலேயே கிடக்கும். இது மட்டும் பீரோவில் புடவை மடிப்புக்குள்ளோ, ஆபீஸ் பையின் உள் ஜிப்பிலோ இருக்கும். பெயர் தெரியக் கூடாது என்று அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் வைட்டமின் டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் உண்டு. யாராவது பார்த்துவிட்டால் பதில் தயார்: "நரம்பு டாக்டர் குடுத்தது", "தூக்கத்துக்கு", "சும்மா, சத்து மாத்திரை". வரன் பேசும் இடத்தில் அடிபட்டுவிடக் கூடாது, மாமியார் காதுக்குப் போய்விடக் கூடாது, ஆபீஸில் வேறு மாதிரி பார்த்துவிடக் கூடாது. காரணம் புரிகிறது. மனநல ஆஸ்பத்திரியின் பெயரால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறவர்கள் நாம்.

ஆனால் ஆபத்து அந்த ஒளித்து வைப்பதில்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாத்திரைகளின் பக்க விளைவுகளில் பெரும்பாலானவை தொந்தரவுதானே தவிர, ஆபத்தில்லை. சில மட்டும் நிஜமாகவே மோசமானவை. அந்த மோசமானவை ஒவ்வொன்றிலும், பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கோ பக்கத்துத் தெரு டாக்டருக்கோ "இவர் இந்த மாத்திரை சாப்பிடுகிறார்" என்று தெரிந்திருந்தால் பாதிக் கண்டம் அப்போதே தாண்டிவிடும்.

மருந்தே விஷம் என்று பேசுகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். 2018-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு 21 மருந்துகள், 522 சோதனைகள், 1,16,477 பேர் என்று அலசிப் பார்த்தது. 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடப் பலன் தந்தன. அந்தப் பலன் ஆளுக்கு ஆள், மருந்துக்கு மருந்து மாறும் என்பது வேறு கதை. நம் நாட்டில் பிரச்சினையே எதிர்ப்பக்கம்தான்: பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சைப் பக்கமே வரவில்லை. வந்தவர்களாவது பத்திரமாக இருக்க வேண்டாமா?

முதல் மாதம்

மாத்திரை ஆரம்பித்த சில நாட்களிலேயே குமட்டும். வயிறு இளகும். தலை வலிக்கும், வாய் காயும், ஒன்று தூக்கம் வராது அல்லது தூக்கமாகவே வரும். பலருக்கு இதெல்லாம் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். மனம் லேசாவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். பக்க விளைவு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடும். பலன் கடைசி பஸ்ஸைப் பிடித்துத்தான் வரும். இடைப்பட்ட அந்த நாட்களில்தான் பலர், "சாப்பிட்டதுல இருந்து இன்னும் மோசமாயிட்டேன்" என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள்.

அந்த நாட்களில் கவனிக்க வேண்டியது குமட்டலை அல்ல, இருப்புக்கொள்ளாமையை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், கால்கள் ஓயாது. உள்ளுக்குள் யாரோ பிறாண்டுவது போல ஒரு தவிப்பு. தோலை உரித்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாமா என்றிருக்கும். கோபம் சுள்ளென்று வரும். புதிதாக ஆரம்பித்தவருக்கோ டோஸ் கூட்டிய சில நாட்களிலோ இப்படி வந்தால், அது நோயின் குணம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. மருந்தின் வேலையாக இருக்கலாம். அன்றே டாக்டருக்கு போன் போட வேண்டும். இந்தத் தவிப்பு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை தள்ளிக்கொண்டு போகக்கூடியது.

2004 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மனச்சோர்வு மருந்துகள் அத்தனையின் விவரத்தாளிலும் கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போடச் சொன்னது. சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடந்த 24 சோதனைகளை, 4,400-க்கும் மேற்பட்டவர்களை, அது மொத்தமாக ஆராய்ந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்திருந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 4 சதவீதம். அந்தச் சோதனைகளில் யாரும் உயிரிழக்கவில்லை. 2007-ல் இந்த எச்சரிக்கை 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வயதில் இந்தக் கூடுதல் அபாயம் தெரியவில்லை. 65 தாண்டியவர்களிடம் குறையவே செய்தது.

நூறில் இரண்டு பேர் கூடுதல். சின்ன எண் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த இருவரில் ஒருவன் நம் வீட்டுப் பையனாக இருந்தால்? அதிலும் இஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் தனியாக இருக்கிறான், போனிலேயே டாக்டரிடம் பேசி ஆப்பில் மாத்திரை வாங்கியிருக்கிறான், அம்மா அப்பாவுக்குத் தெரியாது, ரூம்மேட்டிடம் தலைவலி மாத்திரை என்று சொல்லியிருக்கிறான் என்றால்? அந்த முதல் மாதத்தில் அவன் ராத்திரி முழுக்க வராண்டாவில் நடப்பதைப் பார்க்கிறவனுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்றே தெரியாது. 25 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு இந்த மருந்தை ஆரம்பித்தால், முதல் நான்கு வாரமாவது விஷயம் தெரிந்த ஒரு ஆள் கூட இருந்தாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கம்பெனிகள் இதை எல்லாம் நேர்மையாக எடுத்துச் சொல்லியிருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பராக்ஸெடினை வளரிளம் பருவத்தினருக்குக் கொடுத்துப் பார்த்த 'ஆய்வு 329', மருந்து பலன் தருகிறது, உடம்புக்கும் ஒத்துக்கொள்கிறது என்று 2001-ல் வெளியானது. அதே ஆய்வின் மூலத் தரவுகளை வேறு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் புரட்டி 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியபோது முடிவு தலைகீழாக இருந்தது: பலன் இல்லை, தற்கொலை எண்ணம் உட்படத் தீங்குகள் கூடுதல். அதற்கு முன்பே, 2012-ல், அதைத் தயாரித்த கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் கம்பெனி, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லாமலேயே இந்த மருந்தை விளம்பரப்படுத்தியது உள்ளிட்ட பல புகார்களுக்காக அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

முதல் மாதத்தில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். வேடிக்கை போலத்தான் தெரியும். மூலையில் சுருண்டு கிடந்தவர் பத்தே நாளில் துள்ளி எழுவார். இரண்டு மணி நேரம்தான் தூக்கம், ஆனால் களைப்பே இல்லை. மூச்சு விடாமல் பேச்சு. பிசினஸ் தொடங்கப் போகிறேன் என்பார், கிரெடிட் கார்டைத் தேய்ப்பார். வீட்டில் எல்லோரும் "நல்லாயிட்டாரு" என்று நேர்த்திக்கடன் தீர்க்கக் கிளம்புவார்கள். அது குணமல்ல. உள்ளே இருந்த இருமுனைக் கோளாறை மருந்து கிளப்பி விட்டிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது அப்படி ஒரு சரித்திரம் இருந்தால், மாத்திரை எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். "எங்க சித்தப்பாவுக்கு இருந்துச்சு, ஆனா அத எதுக்கு இப்ப" என்று மறைத்தால் விலை கொடுப்பது நீங்கள்தான்.

"வேற ஏதாவது மாத்திரை எடுக்குறீங்களா?"

இந்தக் கேள்விக்கு வருகிற பொய்தான் என்னை ரொம்பப் பயமுறுத்துகிறது. முதுகு வலி என்று எலும்பு டாக்டரிடம் போகிறீர்கள். கேட்கிறார். பக்கத்தில் மருமகள் நிற்கிறாள். "பிபிக்கு மட்டும்தான் சார்." அவர் டிரமடால் எழுதுகிறார். பாராசிட்டமாலோடு சேர்ந்த மாத்திரையாகவும் அது வரும். வலி நிவாரணிதான்; ஆனால் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளையும் ஏற்றிவிடும். நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையின் வேலையும் அதேதான். இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு அளவு எகிறிவிடும்.

எகிறினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒரே நாளுக்குள், சில மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், வயிறு போகும். கண்மணி விரிந்திருக்கும். கால் தசைகள் தானாக வெட்டி வெட்டி இழுக்கும். பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் அது நிற்காமல் உதறிக்கொண்டே இருக்கும். முற்றினால் காய்ச்சல் கொதிக்கும், ஆள் தெரியாமல் பேசுவார், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். இதைத்தான் செரட்டோனின் சிண்ட்ரோம் என்கிறார்கள். இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. காஷுவாலிட்டி டாக்டருக்கு இருக்கிற ஒரே பெரிய தடயம், நீங்கள் என்னென்ன மாத்திரை விழுங்கினீர்கள் என்பது. அதைத்தான் நீங்கள் வைட்டமின் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். தடயம் இல்லாவிட்டால் "டென்ஷன்தான், ஒண்ணுமில்ல" என்று திருப்பி அனுப்பிவிடவும் வாய்ப்புண்டு.

1984 மார்ச்சில் நியூயார்க்கில் 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் காய்ச்சலும் உடல் உதறலுமாக மருத்துவமனைக்கு வந்தார். ஃபெனல்ஸின் என்ற பழைய தலைமுறை மனச்சோர்வு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். உதறலை அடக்கப் பெத்திடின் ஊசி போட்டார்கள். அவர் பிழைக்கவில்லை. இரண்டு மருந்தும் மோதிக்கொண்டதுதான் காரணம் என்று பலரும் இன்று கருதுகிறார்கள். அந்த மரணத்தின் விளைவாக 1989 முதல் நியூயார்க் மாநிலத்தில் பயிற்சி டாக்டர்கள் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விதியே வந்தது. ஃபெனல்ஸின் வகை மருந்துகள் இன்று அபூர்வம். ஆனால் அதே குணம் கொண்ட ஒன்று வேறு வாசல் வழியாக நம் ஊருக்குள் நுழைந்திருக்கிறது. அதன் பெயர் லினசோலிட். மருந்துக்கு மசியாத காசநோய்க்கும் கடுமையான கிருமித் தொற்றுக்கும் கொடுக்கிற ஆன்ட்டிபயாட்டிக். காசநோய்ப் பிரிவில் இருப்பவர்களுக்கு நீங்கள் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சீட்டே இல்லாமல் வாங்கும் சமாச்சாரமும் இருக்கிறது. வறட்டு இருமலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிரப் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கும். அதுவும் செரட்டோனின் கணக்கில் சேரும். ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான், மனநிலையைச் சீராக்கும் லித்தியம் ஆகியவற்றையும் டாக்டருக்குத் தெரிந்துதான் சேர்க்க வேண்டும்.

ரத்தக் கசிவைப் பற்றி யாருமே சொல்வதில்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள்ளும் செரட்டோனின் வேண்டும். இந்த மாத்திரைகள் அதை உள்ளே போக விடாமல் தடுக்கின்றன. தனியாக இருக்கும்போது பெரிதாக ஒன்றும் ஆகாது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல் என்று கூடச் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு ஏறுகிறது. மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் நேற்று சாப்பிட்ட கீரையின் மேல் பழியைப் போடாதீர்கள்.

மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு டாமோக்ஸிஃபென் சாப்பிடுகிற பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டாமோக்ஸிஃபெனைக் கல்லீரலில் உள்ள ஒரு என்சைம்தான் வீரியமுள்ள மருந்தாக மாற்றுகிறது. பராக்ஸெடினும் ஃப்ளுவாக்ஸெடினும் அந்த என்சைமையே முடக்கிப் போடுகின்றன. புற்றுநோய் மாத்திரை வயிற்றுக்குள் போகும், வேலை மட்டும் அரைகுறையாக நடக்கும். மாற்றுக்கு வேறு மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் புற்றுநோய் டாக்டருக்குத் தெரிந்தால்தானே மாற்றச் சொல்வார்?

அம்மாவுக்கு உப்பு குறைஞ்சிருச்சு

எழுபது வயது தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். கணவர் இறந்தபின் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தவருக்கு எஸ்சிட்டலோப்ராம் எழுதுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலை பாரம் என்கிறார், நடை தள்ளாடுகிறது. பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார். ராத்திரி பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு போய்விடுகிறது. வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு என்று நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 118. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

இந்த மாத்திரைகள் சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, உடம்பில் தண்ணீரைத் தேங்க வைக்கும். தேங்கிய தண்ணீரில் சோடியம் நீர்த்துப்போகிறது. இதோடு நீர் பிரிய வைக்கும் பிபி மாத்திரையும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இரட்டிப்பு. அம்மாவின் பிபி மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஆங்கில 'எச்' எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் உள்ளே ஹைட்ரோகுளோரோதயாசைட் என்ற நீர் மாத்திரை இருக்கும். குளோர்தாலிடோன், இண்டபமைட் என்ற பெயர்களும் அதே ஜாதிதான்.

உப்பு குறைந்துவிட்டது என்றதும் வீட்டில் ஊறுகாயும் உப்புக்கஞ்சியுமாகக் கொடுக்க ஆரம்பிப்பார்கள். கூடவே "நிறைய தண்ணி குடிம்மா" என்பார்கள். தேங்கியிருப்பதே தண்ணீர்தான் என்னும்போது மேலும் தண்ணீர் குடிக்க வைத்தால் நிலைமை மோசமாகும். ஆஸ்பத்திரியிலும் சோடியத்தைக் கடகடவென்று ஏற்றிவிட மாட்டார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்கே சேதம். வீட்டு வைத்தியத்துக்கு இதில் இடமே கிடையாது. முதியவருக்கு இந்த மாத்திரையை ஆரம்பிக்கும் முன்பு ஒருமுறை, ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொருமுறை சோடியம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

வயதானவர்களுக்கு இதயத்துடிப்புச் சிக்கலும் உண்டு. சிட்டலோப்ராமை ஒருநாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எஃப்.டி.ஏ. 2011-ல் சொன்னது, 60 வயது தாண்டியவர்களுக்கு உச்சவரம்பை 20 ஆக வைத்தது. எஸ்சிட்டலோப்ராம் இதன் உடன்பிறப்பு. பிரிட்டனில் 65 தாண்டியவர்களுக்கு 10 மில்லிகிராம்தான் எல்லை. நெஞ்சு எரிச்சலுக்கு வருஷக்கணக்கில் விழுங்கும் ஒமிப்ரசோல் இவ்விரண்டின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடும். கூடவே அஸித்ரோமைஸின், வாந்திக்கு ஆன்டான்செட்ரான் என்று சேர்ந்தால் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

ஒரே மாத்திரைதான் சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு பெயர் இருக்கும்: எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி., குளோனாசிபாம் 0.5 மி.கி. நம் நாட்டில் இந்தக் கூட்டு மாத்திரை சரளமாக எழுதப்படுகிறது. முதலாவது மனச்சோர்வுக்கு, பழக்கத்துக்கு அடிமையாக்காதது. இரண்டாவது பதற்றத்தை உடனே அமர்த்துகிற தூக்க மாத்திரை இனம். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடம்பு அதைக் கேட்க ஆரம்பிக்கும். முதலாவதைப் பல மாதம் தொடர வேண்டும், இரண்டாவதைச் சீக்கிரம் விட வேண்டும். இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்துவிட்டால் ஒன்றை விட்டு ஒன்றை எப்படிக் குறைப்பது? பழைய அட்டையைக் காட்டி மெடிக்கலில் மாதாமாதம் வாங்கிக்கொண்டே வருஷங்கள் ஓடிவிடும். அட்டையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். அதைக் கடைக்காரரும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை. குளோனாசிபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிடுகிறவர்கள். சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று போனால் டுலாக்ஸெடின் எழுதுவார்கள். நரம்பு வலிக்குப் ப்ரீகாபலினோடு நார்ட்ரிப்டிலின் சேர்ந்த மாத்திரை கொடுப்பார்கள். ஒற்றைத் தலைவலிக்கு அமிட்ரிப்டிலின். டுலாக்ஸெடின், நார்ட்ரிப்டிலின், அமிட்ரிப்டிலின் மூன்றுமே மனச்சோர்வு மருந்துகள்தான். வலிக்கும் கேட்கும் என்பதால் தருகிறார்கள், தவறில்லை. ஆனால் அதே ஆள் வேறொரு டாக்டரிடம் ஃப்ளுவாக்ஸெடினோ பராக்ஸெடினோ வாங்கிச் சாப்பிட்டால், அவை நார்ட்ரிப்டிலினையும் அமிட்ரிப்டிலினையும் உடம்பை விட்டுப் போக விடாமல் தேக்கிவிடும். வாய் காய்வது, சிறுநீர் அடைப்பது, இதயத்துடிப்பு தாறுமாறாவது என்று போகும். அமிட்ரிப்டிலின் இருக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். புதிய மருந்துகளைப் போல அல்ல. அளவு மீறினால் இதயத்தை நேராகத் தாக்கும்.

நிறுத்தும்போது

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் மாத்திரையை எடுத்து வைக்க மறந்துவிடுகிறது. ஊரில் அண்ணனை அனுப்பி வாங்கச் சொல்ல முடியாது, விஷயம் தெரிந்துவிடும். நாலு நாள்தானே என்று விட்டுவிடுகிறீர்கள். மாட்டுப் பொங்கல் அன்று கிறுகிறுவென்று வருகிறது. தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் ஷாக் அடித்த மாதிரி ஒரு சொடுக்கு. காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், பயங்கரமான கனவு, ஜலதோஷம் பிடித்த மாதிரி உடம்பு வலி. கண்ணு பட்டுடுச்சு என்று அத்தை மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறார்.

இது மருந்து விட்டதால் வருவது. வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் மூன்றிலும் தொல்லை அதிகம், ஏனென்றால் அவை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். ஃப்ளுவாக்ஸெடின் வாரக்கணக்கில் தங்கும் என்பதால் மெதுவாக, பெரும்பாலும் சாதுவாகக் கழியும். லான்செட் சைக்கியாட்ரி இதழில் 2024-ல் வந்த ஆய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு அறிகுறி வந்தது. வேடிக்கை என்னவென்றால், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 சதவீதம் பேருக்கும் வந்தது. கழித்துப் பார்த்தால், மருந்து விட்டதாலேயே தொல்லைப்படுவது ஆறு ஏழு பேரில் ஒருவர். கடுமையாகப் படுவது 35 பேரில் ஒருவர் அளவில். எல்லோருக்கும் வராது, ஆனால் வந்தவருக்கு அது நரகம்.

இதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடையாளம் கண்டுபிடிக்க முடியும். மருந்து விட்டதால் வரும் தொல்லை சில நாட்களிலேயே, கிறுகிறுப்பு, ஷாக் போன்ற உடம்புக் குறிகளோடு வரும். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். நோய் திரும்புவது பொதுவாக வாரக்கணக்கில், மெல்ல.

குறைப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் மெதுவாகக் குறைவதாக நாம் நினைக்கிறோம். சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் அது உடம்பைத் தினம் தினம் ஏற்றி இறக்குவதில்தான் முடியும். 20 மில்லிகிராமை 10 ஆக்குவது மூளைக்குப் பெரிய மாற்றமில்லை. 5-லிருந்து சைபருக்கு இறங்கும் கடைசிப் படிதான் செங்குத்து. அதனால் கடைசிப் படிகளைச் சின்னச் சின்னதாக, மாதக்கணக்கில் இறக்கச் சொல்கிறார்கள். வென்லாஃபாக்ஸின் போன்று மெல்லக் கரைகிற கேப்ஸ்யூல்களை உடைத்து, பொடித்துச் சாப்பிடும் வேலை வேண்டாம்; மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

படுக்கையறைப் பக்க விளைவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆசை குறைவது, உச்சம் எட்டாமல் போவது, விந்து வெளியேறத் தாமதமாவது எல்லாம் இந்த மருந்துகளில் ரொம்பச் சாதாரணம். டோஸ் குறைத்தோ மருந்து மாற்றியோ பலருக்குச் சரிசெய்ய முடியும். சிலருக்கு மருந்தை விட்டபிறகும் தொடரலாம் என்பதை விவரத்தாளில் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் சொன்னது. இன்னொரு பக்கம், சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று ஆண்கள் கூச்சத்தோடு வாங்கிப் போடும் டாபாக்ஸெடினும் இதே குடும்பத்து மருந்துதான். ஏற்கெனவே செர்ட்ரலினோ எஸ்சிட்டலோப்ராமோ சாப்பிடுகிறவர் அதைத் தொடவே கூடாது. இரண்டு ரகசியங்கள் ஒரே வயிற்றில் சேர்வதை யார் தடுப்பது?

கர்ப்பம் தரித்ததும் பயந்துபோய் அன்றே மாத்திரையைத் தூக்கி எறிகிற பெண்கள் அதிகம். பராக்ஸெடின் பற்றி மட்டும், முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தைப் பாதிக்கலாம் என்று 2005-ல் எச்சரிக்கை வந்தது. மற்ற பல மருந்துகளைத் தேவைப்பட்டால் தொடரவே செய்கிறார்கள். சிகிச்சை இல்லாத மனச்சோர்வும் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்துதான். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசிவிடுவது உத்தமம்.

சரி, ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டுமா? வேண்டாம். வீட்டில் ஒருவர் போதும். கணவனோ மனைவியோ, தம்பியோ, நம்பிக்கையான ஒரு தோழியோ. அவர்கள் போனில் உங்கள் மாத்திரை அட்டையின் படம் இருக்கட்டும். முன்பக்கம் பிராண்ட் பெயர், பின்பக்கம் மருந்தின் பெயரும் அளவும். உங்கள் போனிலும் அதே படம். புது டாக்டரிடம் வாயால் சொல்லக் கூச்சமா, பக்கத்தில் ஆள் நிற்கிறார்களா, போனை நீட்டிக் காட்டிவிடுங்கள். பல் பிடுங்கப் போனாலும், ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க வந்தாலும் காட்டுங்கள். மெடிக்கலில் "இதுல வேற கம்பெனி தரட்டுமா" என்று கேட்டால், பின்பக்கத்துப் பெயரும் அளவும் அப்படியே இருக்கிறதா என்று ஒத்துப் பார்த்து வாங்குங்கள். பத்து நாளுக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். தற்கொலை எண்ணம் இருப்பவர் வீட்டில் அந்தக் கையிருப்பு இன்னொருவர் கையில் இருக்கட்டும்.

மனசு தாங்காத நேரத்தில் 14416. மத்திய அரசின் டெலி மனாஸ், 24 மணி நேரமும், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். காய்ச்சலோடு நடுக்கமும் தசை வெட்டலும், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், கறுப்பு மலம், மயங்கி விழுவது, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு, இவற்றில் எது வந்தாலும் காலை ஓபி திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது மற்ற மாத்திரைகளோடு இருமல் சிரப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.